முகவரிப் பட்டியலும் வண்டி செல்லும் வழியும்

எளியவை போலத் தோன்றும் வினாக்களுட் சில, அறிஞரை நெடுங்காலம் உழைக்கச் செய்தவை. அவற்றுள் ஒன்று இது: ஒரு தாளில் இருபது முகவரிகள் எழுதப்பட்டிருக்கின்றன, ஒரு வண்டி அவ்விருபது இடங்களுக்கும் சென்று புறப்பட்ட இடத்துக்கு மீளவேண்டும். எதனை முதலிற் காண்பது? எதனை இறுதியிற் காண்பது? தபாற்காரர், குடிநீர் கொண்டுசெல்லும் பவுசர்ச் சாரதி, நடமாடும் மருத்துவ சேவையினர், கடைகளுக்குச் சரக்குச் சேர்க்கும் லொறிக்காரர் ஆகிய யாவர்க்கும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. இன்று கைத்தொலைபேசியில் முகவரிகளை இட்டால், சில நொடிகளில் வழியொன்று திரையில் விரிகின்றது. அவ்வழி எவ்வாறு பிறக்கின்றது, அதனை எவ்வளவு நம்பலாம், அது யாருக்கு நன்மை செய்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியல் வழியாக மாறுவதற்கு மூன்று படிகள் உள. முகவரியை நிலத்தில் ஓர் இடமாக அறிதல் முதற்படி. இடங்களுக்கிடையே செல்ல எவ்வளவு நேரமாகும் என அறிதல் இரண்டாம் படி. அந்நேரங்களைக் கொண்டு வரிசையை வகுத்தல் மூன்றாம் படி. பெருநகரங்களில் முதலிரு படிகளும் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகா. அங்கு வீதிக்குப் பெயருண்டு, வீட்டுக்கு எண்ணுண்டு, வீதிகள் யாவும் வரைபடத்தில் உள. திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு படியிலும் உள்ள அருமை தெளிவாக விளங்கும்.

முதற்படியை நோக்குவோம். கணினிக்கு ஊர்ப்பெயர் தெரியாது, எண்ணே தெரியும். ஆதலின் ஒவ்வொரு முகவரியும் அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் இரண்டு எண்களாக மாற்றப்படவேண்டும். கட்டைபறிச்சான் ஏறத்தாழ வட அகலக்கோடு எட்டரைப் பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு எண்பத்தொன்றேகாற் பாகையிலும் அமைந்துள்ளது. ஒரு பாகை அகலக்கோடு நிலத்தில் ஏறத்தாழ 111 கிலோமீற்றர். ஆகவே தசமப் புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்தால், பிழை ஒரு கிலோமீற்றர் அளவினதாகலாம். அது சிற்றூர் ஒன்றையே தாண்டிவிடும். நான்கு இலக்கம் கொடுத்தால் 11 மீற்றர் அளவுக்குள் அடங்கும். ஒரு வீட்டின் படலையைக் காட்ட அது போதும்.

ஆனால் அந்த எண்ணை முகவரியிலிருந்து பெறுவது எவ்வாறு? ஐந்து இலக்கத் தபாற் குறியீடு எந்தத் தபாலகத்துக்கு உரியதென்பதைச் சொல்லுமேயன்றி எந்த வீட்டுக்கு உரியதென்பதைச் சொல்லாது. ‘கோயிலடி’, ‘பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்’ என்றாற்போல எழுதப்படும் முகவரி, ஊரவர்க்குப் பூரணமானது; இயந்திரத்துக்கோ வெறுஞ்சொல். ஊர்ப்பெயரும் மயக்கந் தரவல்லது. நல்லூர் என்றவுடன் யாழ்ப்பாணத்து நல்லூரே பலர்க்கு நினைவில் எழும். மூதூர்ப் பகுதியிலும் ஒரு நல்லூர் உண்டு. கட்டைபறிச்சான் என்னும் பெயரை உரோம எழுத்தில் எழுதுவோர், றகரத்தையும் இரட்டித்த சகரத்தையும் பலவாறு எழுதுவர். ஒருவர் எழுதியதும் மற்றொருவர் எழுதியதும் ஒன்றென இயந்திரம் உணராவிடின், ஓரூர் பட்டியலில் ஈரூராகிவிடும்.

இவற்றினும் ஆழமான இடர்ப்பாடு ஒன்றுண்டு. முகவரி அசையாது, மனிதர் அசைவர். 2006ஆம் ஆண்டின் போரினாற் சம்பூரிலிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் இடம்பெயர்ந்த மக்களுட் பலர், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களிற் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில், பழைய பத்திரங்களிலே சம்பூர் என்று எழுதப்பட்டிருந்த குடும்பத்தைச் சம்பூரிலே தேடினாற் கண்டிருக்க முடியாது. அவர்கள் மீண்டபின், முகாமின் பெயரை எழுதிய பட்டியல் பிழையாயிற்று. எண்கள் எத்துணை நுட்பமாக இருப்பினும், பட்டியல் எழுதப்பட்ட நாள் பழையதாயின் வண்டி வெற்று நிலத்திற் சென்று நிற்கும். ஆகவே பட்டியலைக் கணினியில் இடுமுன் கிராம உத்தியோகத்தரிடமோ தபாற்காரரிடமோ காட்டிச் சரிபார்த்தல், வழி வகுக்கும் வேலைக்குப் புறம்பானதன்று. அதன் முதற் பகுதியேயாகும்.

இனி இரண்டாம் படி. இரு புள்ளிகளுக்கிடையே கோடிழுத்து அளத்தல் எளிது. ஆனால் வண்டி பறவையன்று. திருகோணமலைக் கரையில் நின்று தெற்கே நோக்கினால் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை கிடக்கின்றது. தரைவழியாகச் செல்வோரோ கிண்ணியா வழியே குடாவைச் சுற்றிவரல் வேண்டும். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி இக்குடாவிலேயே கடலிற் கலக்கின்றது; களப்புக்களும் கிளையாறுகளும் நிலத்தைத் துண்டாடுகின்றன. கிழக்கிலங்கை வழக்கில், இத்தகைய நீர்நிலைகளைக் கடக்க உதவும் மிதவைக்கே ‘பாதை’ என்று பெயர். நிலமும் நீரும் கலந்த நாட்டில் வழி என்பதன் பொருளை அச்சொல்லே உணர்த்தும்.

2009ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் மூதூர் நோக்கிய வீதியின் பிற துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. ஊர்கள் எவையும் இடம் மாறவில்லை. அகலக்கோடும் நெடுங்கோடும் மாறவில்லை. எனினும் ஊர்களுக்கிடையிலான காலத் தொலைவு மாறிற்று. பாதைக்காகக் காத்து நின்ற நேரம் கணக்கிலிருந்து நீங்கியது. பாலம் திறக்கப்படுமுன் வகுத்த சிறந்த வரிசை, திறக்கப்பட்டபின் சிறந்ததாக இருத்தல் வேண்டுமென்பதில்லை.

இதன் மறுபக்கம் துயரமானது. கிண்ணியாவைச் சார்ந்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த காலத்தில், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மிதப்புப் பாதையொன்று கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அட்டவணையில் ஓர் எண்ணைக் குறைத்துக் காட்டும் வழி, உயிருக்கு ஊறு விளைப்பதாகவும் இருக்கலாம். எவ்வழி குறுகியது என்பதோடு எவ்வழி செல்லத்தக்கது என்பதையும் அறிந்தே காலத்தைக் குறித்தல் வேண்டும். மாரிக்கும் கோடைக்கும் வெவ்வேறு அட்டவணை வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் நீர் மேவும் தாழ்ந்த வீதிக்கு ஆனி மாதத்துக் காலக்கணக்குப் பொருந்தாது.

வீதிகளின் காலம் தெரிந்தபின், எந்த இரு நிறுத்தங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழியைக் கண்டறிய நல்ல முறை உண்டு. ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959ஆம் ஆண்டு வெளியிட்ட முறை அது. புறப்படும் சந்தியிலிருந்து, மிக அண்மையிலுள்ள சந்தியை முதலில் உறுதிசெய்து, அங்கிருந்து அடுத்ததை உறுதிசெய்து, நீர் பரவுவதுபோல அறிவு பரவுகின்றது. இம்முறையும் இதன் வழிவந்தனவும் ஆயிரக்கணக்கான சந்திகளையுடைய வரைபடத்தையும் நொடிப்பொழுதில் ஆராயவல்லன. பயனாகக் கிடைப்பது ஒரு கால அட்டவணை.

மூன்றாம் படியே கணித அறிஞர் நெடிது உழைத்த களம். இங்கு இரு வினாக்களைப் பிரித்தறிதல் நன்று. நகரத்துத் தபாற்காரர் ஒவ்வொரு வீதியிலும் நடந்தாக வேண்டும். அவரது வினா வீதிகளைப் பற்றியது. 1736ஆம் ஆண்டில் ஒயிலர் என்னும் பேரறிஞர் கொனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆராய்ந்ததும், 1960ஆம் ஆண்டில் சீன அறிஞர் குவான் மெய்-கோ தபாற்காரரின் நடையைப் பற்றி ஆராய்ந்ததும் இவ்வகையின. இதற்கு விரைவான தீர்வு உண்டு. சிதறிக் கிடக்கும் சில வீடுகளை மட்டும் காணவேண்டிய வண்டியின் வினாவோ புள்ளிகளைப் பற்றியது. 1930ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் மெங்கர் இதனைத் தூதர் வினா என எடுத்துரைத்தார். பின்னர் ‘பயண வணிகர் வினா’ என்ற பெயரே இதற்கு நிலைத்தது.

இதன் கடினம் எண்ணிக்கையிலே உள்ளது. நான்கு நிறுத்தங்களை 24 வரிசைகளிற் காணலாம். ஒரு வட்டத்தை எத்திசையிற் சுற்றினும் நீளம் ஒன்றேயாதலின், நீளத்தால் வேறுபடக்கூடியவை 12 வட்டங்களே. பத்து நிறுத்தங்களாயின் அவை 18,14,400 ஆகும். இருபதாயின், வினாடிக்கு நூறு கோடி வட்டங்களை ஆராயும் இயந்திரமும் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைக்கவேண்டும். ஆகவே எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தல் வழியன்று.

அறிஞர் வேறு வழிகளை நாடினர். 1954ஆம் ஆண்டில் டான்சிக், புல்கர்சன், ஜோன்சன் என்னும் மூவர் அமெரிக்க நாட்டின் 49 நகரங்களுக்கான மிகக் குறுகிய வட்டத்தைக் கண்டு, அதனிற் குறுகியது இல்லையென நிறுவினர். 1962ஆம் ஆண்டில் ஹெல்ட், கார்ப் என்னும் இருவர், முன் கண்ட விடைகளைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர்; அம்முறையில் இருபது நிறுத்தங்களுக்கான வேலை ஏறத்தாழ நாற்பத்திரண்டு கோடிச் சிறு கணக்குகளாகச் சுருங்குகின்றது. இன்றைய கணினிக்கு அது சில நொடிகளின் வேலை. நிறுத்தங்கள் மிகப் பெருகினால், மிகச் சிறந்த விடைக்குப் பதிலாக நல்ல விடையொன்றைக் கொள்வதே நடைமுறை. முதலில் ஏதேனும் ஒரு வட்டத்தை அமைத்து, இரண்டு துண்டுகளை நீக்கி மாற்றி இணைத்துப் பார்த்து, குறுகினால் ஏற்றுக்கொள்ளும் முறை அவற்றுள் எளியது. நேர்கோட்டுத் தொலைவுகளைக் கொண்டு வரைந்த வட்டத்தில் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், அவ்வெட்டை நீக்கிக் குறுக்கலாம் என்பது இம்முறை தரும் பயனுள்ள பாடம்.

நம் அண்டை நாட்டிலும் இவ்வினா தொழில்வழியே எழுந்தது. 1930களில் வங்காளத்தில் சணற் பயிரின் பரப்பை மாதிரி முறையாற் கணித்த மகலனோபிஸ், அளவையாளர் வயல்விட்டு வயல் செல்லும் செலவையும் கணக்கிட நேர்ந்தது. புள்ளிகளின் தொகை பெருகுமளவுக்குப் பயண நீளம் பெருகுவதில்லை. அத்தொகையின் வர்க்கமூலத்துக்கு இசையவே பெருகும் என அவர் கண்டார். 1959ஆம் ஆண்டில் பியட்வூட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்போர் இதற்குக் கணித நிறுவல் தந்தனர். 100 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிற் சீராகப் பரந்த 100 புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கும் குறுகிய வட்டம் ஏறத்தாழ 71 கிலோமீற்றர். புள்ளிகள் 400 ஆயின் 142 கிலோமீற்றரே. நான்கு மடங்கு வீடுகளுக்கு இரு மடங்கு தூரமே தேவை. வெவ்வேறு அலுவலகங்கள் ஒரே ஊருக்குத் தனித்தனி வண்டி அனுப்புவதினும் பட்டியல்களை ஒன்றுசேர்த்தல் ஏன் சிக்கனமானது என்பதற்கு இதுவே காரணம்.

கணினி இன்றியும் நல்ல வழி வகுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் அற்லாண்டா நகரம் சான்று. 1980களில் அங்கு முதியோரின் வீடுகளுக்கு உணவு கொண்டுசென்ற தொண்டு நிறுவனத்துக்காக, பார்தோல்டி, பிளாட்ஸ்மன் முதலியோர், நகரப் பரப்பு முழுவதையும் வளைந்து வளைந்து நிரப்பும் ஒரே கோட்டை எண்ணி, ஒவ்வொரு முகவரிக்கும் அக்கோட்டில் எத்தனையாம் இடம் என்று ஓர் எண் கொடுத்தனர். முகவரி அட்டைகளை அவ்வெண்களின்படி அடுக்கினால் வழி அமைந்துவிடும். புதியவர் சேர்ந்தால் ஓர் அட்டையைச் செருகினாற் போதும்.

இதுவரை கூறியவற்றில் ஒரு வினா மறைந்து நிற்கின்றது. ‘சிறந்த’ வழி என்பது யாருக்குச் சிறந்தது? எடுத்துக்காட்டாக, மூதூரிலிருந்து புறப்படும் வண்டி க, ச, த, ப என்னும் நான்கு இடங்களைக் கண்டு மீளவேண்டும் எனக் கொள்வோம். விளக்கத்தின்பொருட்டுக் கொள்ளும் கற்பனைக் காலங்கள் பின்வருமாறு:

மூதூர்–க 10 நிமிடம், மூதூர்–ச 25, மூதூர்–த 20, மூதூர்–ப 24.
க–ச 15, க–த 22, க–ப 14.
ச–த 35, ச–ப 25, த–ப 10.

பன்னிரண்டு வட்டங்களையும் ஆராய்ந்தால், மூதூர்–க–ச–ப–த–மூதூர் என்பதே குறுகியது. அதற்கு 80 நிமிடம். எரிபொருட் செலவைக் கருதுவோர் இதனையே தேர்வர். எப்போதும் அண்மையிலுள்ள இடத்துக்கே செல்லும் சாரதி க, ப, த, ச என்று சென்று 94 நிமிடம் செலவிடுவார். பார்வைக்கு அவர் பிழை செய்தவராவார்.

ஆனால் காத்திருப்போர் பக்கத்திலிருந்து நோக்குக. முதல் வரிசையில் வண்டி நால்வரிடமும் சேருவது 10, 25, 50, 60ஆம் நிமிடங்களில். காத்திருந்த நேரத்தின் கூட்டுத்தொகை 145. அதே வட்டத்தை மறுதிசையிற் சுற்றினால் 20, 30, 55, 70; கூட்டுத்தொகை 175. வண்டிக்குச் செலவு ஒன்றே, மக்களுக்கு வேறு. அண்மைக்கு அண்மை சென்ற சாரதியின் வரிசையிலோ 10, 24, 34, 69, கூட்டுத்தொகை 137. இருபத்துநான்கு வரிசைகளிலும் இதுவே மிகச் சிறியது. எனினும் இதில் ச என்னும் இடத்தார் 69 நிமிடம் காத்திருக்கின்றனர். கடைசியாகக் காத்திருப்பவரின் நேரத்தை இயன்றவரை குறைக்கவேண்டுமாயின், த, ப, க, ச என்னும் வரிசையே தக்கது. அதில் இறுதியானவரை 59 நிமிடத்தில் அடையலாம். வட்டம் 84 நிமிடமாகும். காத்திருப்பின் கூட்டுத்தொகையும் 153 ஆக உயரும்.

ஆகவே மூன்று நோக்கங்களுக்கு மூன்று விடைகள். மூன்றும் கணிதப்படி சரியானவை. அரிசி மூடைகளை ஏற்றிச்செல்லும் லொறிக்கு முதல் விடை பொருந்தும். ஒரு மணி நேரத் தாமதத்தால் அரிசி கெடாது. பலர் வெயிலில் வாளியோடு நிற்கும் வேளையிற் குடிநீர் கொண்டுசெல்லும் பவுசருக்கு இரண்டாவது பொருந்தலாம். குளிர் மாறாமற் சேர்க்கவேண்டிய மருந்துக்கும், நோயாளரை நாடும் மருத்துவ வண்டிக்கும் மூன்றாவது பொருந்தும். எதனைக் குறைக்கவேண்டுமெனச் சொல்லாவிடின், கணினி பெரும்பாலும் வண்டியின் நேரத்தையே குறைக்கும். அவ்வாறாயின் வீதியின் முடிவிலுள்ள ஊர் நாள்தோறும் இறுதியிலேயே நிற்கும் நிலையும் எழலாம். ஒருநாள் இறுதியில் நிற்பது தற்செயல். ஆண்டு முழுதும் இறுதியில் நிற்பது அநீதி. வட்டத்தின் திசையை நாள்விட்டு நாள் மாற்றினால், எரிபொருள் ஒரு துளியும் கூடாமல் அந்தச் சுமை பகிரப்படும்.

இவ்வாராய்ச்சியால் விளங்குவது, பட்டியலை வழியாக்கும் தொழிலில் இயந்திரம் வல்லது மூன்றாம் படியிலேயே என்பதாகும். இந்த வீட்டார் இன்னும் இங்குள்ளனரா, இந்த மதகு மாரியில் வண்டியைத் தாங்குமா என்பவற்றை ஊரறிந்தோரே கூறல் வேண்டும். யார் காத்திருக்கலாம், யார் காத்திருத்தலாகாது என்பதை வண்டியை அனுப்புவோரே முடிவுசெய்தல் வேண்டும். இவை செம்மையாகச் செய்யப்பட்டபின் கணினியிடம் வரிசையைக் கேட்பது அறிவுடைமை. கட்டைபறிச்சானின் கடைசி ஒழுங்கையில் உள்ள வீட்டுக்கும் பொருள் உரிய வேளையிற் சேருமாயின், அதுவே நல்ல வழி எனப்படும்.